மேல்கணக்குப் பால் இறங்கிய வழி

டிசெம்பர் 3, செவ்வாய்

மழை இன்றுதான் விட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு மேல்கணக்கு. அதன் லயங்களுக்கு ஏறும் ரோட்டில், இரண்டாம் வளைவுக்கு மேலே மண்மேடு சரிந்துவிட்டது. நூறடிக்கு ரோடு இல்லை, தொடையளவு சேறு. தோட்டத்து லொறி திரும்பிவிட்டது. டிராக்டர்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்தான்.

மேலே இருபத்தாறு வீட்டில் மாடு. காலைப் பால் ஏழரைக்குள் என் கடைக்கு எதிரே இருக்கும் பால் சென்டருக்கு வந்தாக வேண்டும். சுற்றுவழியில் தலையில் தூக்கி வந்தால் ஒன்றரை மணித்தியாலம். திரும்பி ஏறுவதற்குள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மற்றவர்கள் கொழுந்தெடுக்கப் போயிருப்பார்கள், அன்றைக்குப் பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது. அதனால் மூன்று நாளாகப் பாலை லயத்து ஓரக் கானில், தண்ணீர் ஓடும் வாய்க்காலில், ஊற்றுகிறார்கள். கீழே வரும் கான் தண்ணீர் வெளுத்து ஓடுகிறது.

மாட்டு வியாபாரி ஒருவன் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டே, மேலே யார் யாரிடம் மாடு என்று விசாரித்தான். தெரியாது என்றேன். தர்மத்தால் இல்லை. மாடு போனால் என் புண்ணாக்கு மூட்டையை யார் வாங்குவது?

டிசெம்பர் 6, வெள்ளி

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் நாலு சக்கர பைக், பழசு ஒன்று வாங்கிவிட்டேன், மேல்கணக்குப் பாலைச் சேற்றைத் தாண்டி இறக்க.

“மகனுக்கா அக்கா?” என்றான் விற்றவன்.

“எனக்குத்தான் தம்பி.”

அவன் வாய் திறந்தபடி நின்றான். மூடுவதற்குள் விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்துவிட்டேன்.

குவைத்தில் வீட்டு வேலை செய்த ஒன்பது வருஷமும் முதலாளி பிள்ளைகளின் மணல் வண்டிகளைக் கழுவியது நான். யாரும் பார்க்காதபோது ஓட்டியும் இருக்கிறேன். டயரில் காற்றைக் குறை, எக்ஸிலேட்டரை விடாதே. மணலில் அவ்வளவுதான் வித்தை. மணலில் ஓட்டியவளுக்குச் சேறு என்ன பெரிசு?

டிசெம்பர் 10, செவ்வாய்

பெரிசுதான்.

காற்றைக் குறைத்தேன், முறுக்கினேன். முதல் இருபதடி மிதந்தாற்போல் போனது. அப்புறம் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டது. விடாமல் முறுக்கினேன் — மணல் புத்தி! சீட் வரைக்கும் இறங்கி, இரண்டு தும்மல் போட்டு அணைந்தது. மணல் உதிரும், களிமண் கவ்வும். இது தெரியாதவளா நான்? இந்த மண்ணில்தானே பிறந்தேன்.

சேற்றின் அந்தக் கரையில் பால் வாளியோடு நின்ற மேல்கணக்குக் காளியாயி அக்கா கத்தினாள்: “ஏய் ராணி, ஒழவு ஓட்டவா வந்த? வெதநெல்லு எங்கடி?”

அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு அத்தனை பேரும் சேற்றில் இறங்கிக் கயிறு போட்டு இழுத்தார்கள். பன்னிரண்டு பொம்பளைகள். அதில் நாலு பேர் பெரட்டுக்குப் பிந்தி அன்றைய பேரை இழந்தார்கள். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

டிசெம்பர் 11, புதன்

ராகலையில் முனாப் நானாவின் கராஜ். காற்று போகும் வழியைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். “தங்கச்சி, இது பெட்ரோலைவிட சேத்துத் தண்ணிதான் ஜாஸ்தி குடிச்சிருக்கு.”

எஞ்சின் மூச்சு விடும் குழாயை ஹேண்டில் உயரத்துக்குத் தூக்கினார். பெல்ட் பெட்டிக்கும் அதேபோல் தனிக் குழாய். உள்ளே தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும், வண்டி கத்தும், நகராதாம். சேறு அப்பிச் சூடேறாதபடி ரேடியேட்டரை முன் கேரியருக்கு மேலே ஏற்றினார். ஆழமான பல் வைத்த டயர் நாலு, முன்னால் கம்பி இழுக்கும் வின்ச்.

“இந்தக் குழாய் பாத்ரூம்ல போடுறது இல்லியா நானா?”

“ஆமா. ஒங்க வண்டிதான் குளிக்கப் போகுதே.”

இருட்டும் வரை குனிந்தே வேலை செய்தார். அவர் மனைவி ரஸீனா அக்கா எனக்கும் சேர்த்துச் சோறு அனுப்பியிருந்தார். கூலியைப் பால் இறங்கிய பிறகு பேசலாம் என்றார் முனாப் நானா. அவர் இடத்தில் நான் இருந்தால் முன்பணம் கேட்டிருப்பேன்.

டிசெம்பர் 13, வெள்ளி

பாதி தூரம் போனேன். முறுக்காமல், ஒரே சீராக. நடுவில் அடிமண் இல்லை, உட்கார்ந்துவிட்டது. வின்ச் கம்பியை மாட்ட எட்டிய இடத்தில் தேயிலைச் செடிதான் இருந்தது. மாட்டினேன். வண்டி அரை அடி வந்தது, செடி வேரோடு ஓரடி வந்தது.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஜெயகாந்தன் அந்த நேரம் பார்த்து வந்தார்.

“செடியப் புடுங்குறீங்களே, நீங்க கொழுந்தெடுத்தவங்கதானே?”

எட்டு வருஷம் எடுத்தவள். செடியைத் திரும்பக் குழியில் வைத்து மண்ணை மிதித்தேன்.

“இனிமே இந்தப் பக்கம் வண்டிய பாக்கக்கூடாது.”

வண்டியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

டிசெம்பர் 14, சனி

பால் லொறிக்காரர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையும் பால் வரவில்லையென்றால் மேல்கணக்கை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

காளியாயி அக்கா அந்த மாட்டு வியாபாரிகிட்ட சினை மாட்டை வெலை பேசிட்டாளாம். திங்கக்கெழம பின்னேரம் ஓட்டிட்டுப் போறானாம். சினை மாடு! இன்னும் ரெண்டு மாசத்துல ஈனப் போற மாடு. நான் வந்து காப்பாத்துறேன்னு வண்டியக் காட்டி நம்ப வச்சனே, நானே ரெண்டு நாள் பொறுக்கச் சொன்னனே. சும்மா இருந்திருந்தா போன வாரமே நல்ல வெலைக்காவது போயிருக்கும். எனக்கு என்னத்துக்கு இந்த வேலை?

டிசெம்பர் 15, ஞாயிறு

முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் சுற்றுவழியில் ஏறினேன். நான் சொன்னதை முழுக்கக் காளியாயி அக்கா கேட்டாள். பிறகு சேற்றுப் பக்கம் இறங்கி, புதைந்து கிடந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

“மூக்கு வாங்கிருக்க, பல்லு வாங்கிருக்க, கம்பி வாங்கிருக்க. அடியில போட ஒன்னும் வாங்கலியாடி?”

வீட்டுக்குப் போனாள். அடுப்புக்கு மேலே பரணில் காய வைத்திருந்த மிலாறு, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, ஒரு முழுக்கட்டு. கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் சேற்றில் போட்டு மிதித்தாள். இந்த ஈரத்தில் காய்ந்த விறகு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். “அக்கா, நாளைக்கு எதுல ஒல வைப்ப?” என்றேன்.

“மாடு போனா ஒலையில போட மட்டும் என்ன இருக்கு?”

அவள் மருமகள் சர்மிளா ஒரு கட்டு கொண்டுவந்தாள். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. கான் வெட்டும் மூக்கன் அண்ணன் மண்வெட்டியோடு வந்து, மேல்பக்கம் தேங்கிய தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார். குறுக்குக்கும் நெடுக்குக்குமாகக் கட்டுகளை அடுக்கினோம். மாடு இல்லாத வீட்டிலிருந்தும் விறகு வந்தது. அங்கேதான் எனக்கு அழுகை வந்துவிட்டது, சேற்றைத் துடைப்பது மாதிரி துடைத்துக்கொண்டேன்.

கண்டாக்கு வந்து அடுக்கிய கட்டுகளைக் காலால் மிதித்துப் பார்த்தார். கைகாட்டி, “கம்பி போடுறதுன்னா அந்த சவுக்கு மரத்துல போடுங்க” என்றார். “கம்பிக்கு அடியில சாக்கு வைங்க, மரத்துப் பட்டை உரியாம.” நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் லீவுதான், ஆனாலும் வந்திருந்தார். இருட்டுவதற்குள் வண்டி மேல் கரை ஏறிவிட்டது.

டிசெம்பர் 16, திங்கள்

ஏழு பத்துக்குப் பால் கேன்களோடு சென்டருக்கு இறங்கிவிட்டேன்! மிலாறு நெறுநெறுவென்று நொறுங்கியது, ஆனால் தாங்கியது.

ஒரு கேனைப் பாதிதான் நிரப்பியிருந்தோம். குலுங்கிக் குலுங்கி மேலே வெண்ணெய் திரண்டு நின்றது. லொறிக்காரர் மூடியைத் திறந்து பார்த்துச் சிங்களத்தில், “நங்கி, இந்த வெண்ணெயத் தடவப் பாணும் கொண்டு வந்தீங்களா?” என்றார். அதை எடுக்கவில்லை, மற்றதையெல்லாம் எடுத்தார். இனி கேனைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும்.

பின்னேரம் வியாபாரி வெறுங்கையோடு இறங்கினான். டீக்குக் காசு வாங்கினேன்.

டிசெம்பர் 22, ஞாயிறு

சர்மிளாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். என்னைவிட மெதுவாகப் போகிறாள், என்னைவிடக் குறைவாகப் புதைகிறாள்.

ஜனவரி 11, சனி

மழை. மிலாறு மறுபடியும் அடுக்கினோம். விறகு கொடுத்த வீட்டுக்கெல்லாம் ஒவ்வொரு பை கோதுமை மா கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை, நான்தான் சொல்ல வேண்டியவள்.

பெப்ரவரி 6, வியாழன்

இரண்டு நாளாகக் காய்ச்சல், நான் ஏறவில்லை. ஏழு மணிக்கே வண்டிச் சத்தம் கேட்டது. சர்மிளா கேன்களை இறக்கிவிட்டு, ஒரு சின்னத் தூக்குவாளியோடு கடைக்குள் வந்தாள்.

“ராத்திரி எங்க சினை மாடு கிடாரிக் கண்ணு போட்டுச்சு அத்தை. சீம்பாலு.”

“சென்டர்ல இத எடுக்க மாட்டாங்களே.”

“விக்கிறதுக்கா குடுத்தாங்க? ஒங்களுக்கு. வீட்டு ஆளுங்களுக்குப் பங்கு வைக்கிறப்ப, மொதல்ல இதத்தான் மாமி எடுத்து வச்சாங்க.”

கருப்பட்டி தட்டிப் போட்டு ஆவியில் வைத்தேன். உறைந்ததும் கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். சாமான் வாங்க வந்த யாரோ வெளியே இரண்டு தரம் தட்டினார்கள். திறக்கவில்லை.