நின்று திரும்பிய இதயம்

என்னங்க,

நேற்று ஒரு பஸ் டிரைவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். நான் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்தேன். கத்தி படுவதற்கு முன்பே, கிருமி தொற்றாமலிருக்கப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் அவருடைய இதயம் நின்றுவிட்டது.

சர்ஜன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் அட்ரினலின் ஊசியைச் செலுத்திவிட்டு டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் பாரித்த உதடுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தன. இத்தனை படித்தும், போன உயிர் எந்த வழியாகத் திரும்பியதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்று காலை கண் விழித்தவர், "ஆபரேஷன் முடிஞ்சிடுச்சா டாக்டரம்மா?" என்றார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

"அப்ப நேத்து பூரா என்ன பண்ணீங்க?"

நேற்று வீட்டுக்கு வந்ததும் உங்கள் மார்பில் காதை வைத்துக்கொண்டேன். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டீர்கள். எனக்கு அந்தத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

உங்கள்
வீட்டுக்காரி