கடலைத் திருடியவருக்கு என் நன்றியுரை

பிப்ரவரி 4, புதன்

காலையில் பனி. மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் ஈரம். பதினொன்றாம் வகுப்பு கெமிஸ்ட்ரி பேப்பர் பாதிதான் திருத்தினேன்.

வாசகர் வட்டச் செயலாளர் போன் செய்தார். ஞாயிறு அரியலூருக்கு எழுத்தாளர் வே. வருகிறாராம். காலை மிகுபுனைவுக் கதைப் பட்டறை, மாலை புது நாவலிலிருந்து வாசிப்பு. "டீச்சர், நீங்கதான் நன்றியுரை. ரெண்டு நிமிஷம் பேசுனா போதும்ங்க."

வே. முழுப் பெயரை எழுதக் கை கூசுகிறது. போன வருடம் பெரம்பலூர்ப் பட்டறையில் ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னார். நான் சொன்னது: நம்மூர்ச் சுண்ணாம்புக்கல் எல்லாம் ஒரு காலத்தில் கடல், சிப்பி. அதில் செய்த சிமெண்டில் கட்டிய வீடுகளில் ஒரு நாள் சுவர்கள் உப்புநீராக வியர்க்கின்றன. கடல் தன் சிப்பிகளைத் தேடி வருகிறது. முடிவைச் சொல்லுமுன் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். "கற்பனை இருக்கும்மா. ஆனா கதையா தேறாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

இப்போது அவருடைய புது நாவலை வாங்கிப் படித்தால் அதே சுவர், அதே உப்பு, அதே கடல். முடிவு மட்டும் சொந்தச் சரக்கு. இளவரசன் மந்திர ஈட்டியால் குத்திக் கடலைத் துரத்துகிறான். கடலை! ஈட்டியால்!

நன்றியுரைக்குச் சரி என்றேன்.

பிப். 6, வெள்ளி

வாங்க வேண்டியது: தேங்காய். சிவப்புப் பேனா. தைக்கக் கொடுத்த பிளவுஸ்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர்: "அவரு பெரிய ஆளு. உனக்கு எதுக்கு வம்பு? யாரு நம்புவா?" ரசம் ஊற்றினேன்.

நம்புவது யாஸ்மின் மட்டும். பெரம்பலூரில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். "அல்லா மேல ஆணையா நான் சாட்சி சொல்றேன்டி. மேடையிலயே திருடன்னு சொல்லிரு." வேண்டாம் என்றேன். திருடன் என்றால் இரண்டு நாள் பேசுவார்கள். அப்புறம் எனக்குத்தான் பொறாமைக்காரி என்று பெயர். அந்த நாவலை இனி யார் எடுத்தாலும் சப்பென்று இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

பிப். 8, ஞாயிறு

காலைப் பட்டறைக்குப் போகவில்லை. அந்த ஆள் பட்டறையில் இனி கதை சொல்வதாக இல்லை.

மாலை, மண்டபம் நிறையக் கூட்டம். நன்றாகவே வாசித்தார், ஒத்துக்கொள்ள வேண்டும். என் உப்புச் சுவர் அவர் வாயில். முன்வரிசைப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

என் முறை. மைக் செட்காரர், டீ கொடுத்தவர், எல்லோருக்கும் நன்றி. அப்புறம்: "இந்தக் கதைய போன வருஷம் பெரம்பலூர்ல நான் சாருக்கு சொன்னேங்க. சாப்பாட்டு நேரம் வந்துட்டதால முடிவ சொல்லல. பாவம், சார் முடிவுக்கு ரொம்ப சிரமப்பட்டிருக்காரு. இப்ப சொல்லிடறேன்."

சொன்னேன். கடல் ஊர் எல்லையில் வந்து நிற்கிறது, உள்ளே வரவில்லை. போன வாரம் பால் காய்ச்சிக் குடிபோனவள் முதல் ஆளாகத் தன் சுவரை இடிக்கிறாள். பிறகு எல்லோரும். இடித்தது அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த சுரங்கக் குழியில் கொட்டுகிறார்கள். கடல் மெல்ல வந்து குழியில் படுத்துக்கொள்கிறது. சுவரே இல்லாத ஊர், கரையில் உட்கார்ந்திருக்கிறது.

யாஸ்மின் எழுந்தாள்: "நானும் அன்னைக்கு அங்க இருந்தேங்க. இவங்க கததான்."

ரெட்டிபாளையத்திலிருந்து வந்த ஒருவர்: "டீச்சர், அந்தப் பொம்பள அப்புறம் எங்க போயி குடியிருந்தா?" கேள்வி எனக்கு! மேடையில் உட்கார்ந்திருந்த அவரை விட்டுவிட்டு எனக்கு! இன்னும் நாலைந்து பேர் கேட்டார்கள். வே. கழுத்துப் பொன்னாடையால் முகம் துடைத்தார். புத்தக மேசைப் பக்கம் யாரும் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிளம்பும்போது அருகே வந்தார். "ஐடியா யாருக்கும் சொந்தமில்லம்மா."

"அப்படிங்களா சார். அப்ப ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

கொஞ்சம்கூடப் பாவம் தோன்றவில்லை. வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பிப். 10, செவ்வாய்

பள்ளி ஆண்டுவிழா மீட்டிங். தலைவலி.

சாயங்காலம் வே. போன். இரண்டாம் பதிப்பு வருகிறதாம். "உங்க முடிவ சேத்துக்கலாமான்னு... முன்னுரையில உங்களுக்கு நன்றி போட்டுடறேன்."

"பெரம்பலூருக்கு வாங்க சார். அதே ஹால்ல, மைக்குல, கதை யாரோடதுன்னு சொல்லுங்க. அப்புறம் பேசுவோம்."

"யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர்: "போதும் விட்டுடு. அவ்ளோ பெரிய மனுஷன் எறங்கி வந்துட்டாருல்ல?"

"இன்னும் எறங்கட்டும்."