திரைக்குப் பின்னால் இருந்தவள்

14.8.2013, புதன்

இன்று எங்கள் ஆய்வகத்தில் ரோபோ சோதனைக்கு வந்தவர் கடியப்பட்டணத்து மேரியம்மா. ரோபோ தானாகவே பேசும் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் பதில்களைத் தட்டச்சு செய்தது நான்.

எங்கள் கேள்விகள் முடிந்ததும் அவர் ரோபோவிடம் கேட்டார்.

"நீ சோறு தின்னியா, மக்கா?"

'நான் இயந்திரம்' என்றுதான் பதில் போடவேண்டும். என் கை 'இல்லை' என்று அடித்துவிட்டது. ரோபோவும் அப்படியே சொன்னது. ஆய்வை நடத்தும் புரொஃபசர் கேட்டால் கை தவறிவிட்டது என்பேன்.

"வயித்தக் காயப்போடாத மக்கா. ஒனக்கு ஆருமில்லியா?"

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவர் ரோபோவின் நெற்றியில் விரலால் சிலுவை வரைந்தார். திரை இடுக்கில் பார்த்தேன்.

பிறகு வராந்தாவில் எதிரே வந்தார். என்னிடமும் ஏதாவது கேட்பார் என்று நின்றேன்.

"கொஞ்சம் வழிவிடுங்க, டீச்சர்."

விலகினேன். நான் இன்னும் சாப்பிடவில்லை.