ஷிஃப்டுக்கு ஏறிய ‘ர’

ஜோர்ஹாட்
4 டிசம்பர் 2003

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். நான்தான் கொதித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். உன் கம்பெனி செய்த அசாமிய விசைப்பலகை நேற்று எங்கள் அச்சகத்துக்கு வந்தது. வயிற்றில் கோடு போட்ட நம் ‘ர’வை எங்கே வைத்திருக்கிறாய்? ஷிஃப்டை அழுத்தினால்தான் வருகிறது. அழுத்தாமல் வருவது, அசாமியத்தில் நாம் எழுதவே எழுதாத, புள்ளி வைத்த வங்காள ‘ர’!

பக்கத்துக்கு நூறு தடவை வரும் எழுத்து அண்ணா. போன குளிர்காலம் முழுக்க எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி ஒரு நோட்டு நிறைய எழுதித் தந்தேனே, அதைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாயா? பக்கத்து மேசை தருலதா அக்கா கேட்கிறாள்: “ஏண்டி, நம்ம வீட்டுக்குள்ளயே நாம கதவத் தட்டிட்டுத்தான் வரணுமா?”

எல்லாப் பள்ளிக்கும் இதுதான் என்று அரசாங்கக் கமிட்டி முடிவு செய்வதற்குள் மாற்றச் சொல்.

உன் தங்கை,
ஹிரண்மயி

கௌகாத்தி
11 டிசம்பர் 2003

அன்புத் தங்கைக்கு,

கோபம் உடம்புக்கு ஆகாதம்மா. மேலாளரிடம் சொல்லாமல் இருப்பேனா? “விக்கிறது வங்காளத்துலதான் திகந்தா, உங்க ஊருக்குன்னு தனியா செய்ய முடியுமா?” என்றார். ஒரு சுண்டுவிரல் வேலை, பழகிவிடும்.

இன்னொன்று. சோதித்துப் பார்த்த தட்டச்சாளரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அவசரம், உன் கையெழுத்தை நானே போட்டுவிட்டேன். நீ வேறு நான் வேறா? இருபதாம் தேதி கமிட்டி கூடுகிறது. யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல். இது முடிந்தால்தான் என் வேலை நிரந்தரமாகும்.

அன்புடன்,
திகந்தா

ஜோர்ஹாட்
22 டிசம்பர் 2003

திகந்தா சைகியா அவர்களுக்கு,

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே பஸ் ஏறிக் கமிட்டிக்குப் போனேன்.

“இது உங்க கையெழுத்து இல்லையாம்மா?”

“இல்லைங்க.”

“அப்ப யார் போட்டது?”

“எங்க அண்ணன்.”

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உன் வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் எழுதினேன். ‘ர’வை மேலே ஏற்றியதைக்கூட மன்னித்திருப்பேன். பத்து வருஷமாகத் தட்டுகிற இந்தக் கை அதற்குச் சம்மதித்தது என்று எழுதினாயே, எப்படி மனசு வந்தது உனக்கு?

விசைப்பலகையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. “திகந்தாவுக்கு வேலை நிரந்தரமாயிடுச்சாடி?” என்று காலையில்கூடக் கேட்டாள். நான் சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்.

ஹிரண்மயி சைகியா