சேற்றோடை மெட்டும் விர்ஜில் ஸ்லோனின் தொப்பியும்

பட்டர்மில்க் ஃபோர்க், கென்டக்கி
சனிக்கிழமை காலை

என் அருமை மகள் ரோவீனாவுக்கு, இந்த மலைகளின் மாண்டலின் சக்கரவர்த்தியும் உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பனுமாகிய ஹோபர்ட் காடில் ஆசியோடு எழுதுவது. நானும் உன் சித்தியும் கோழிகளும் சுகம். நாய் சுகமில்லை, அதாவது அதன் நடத்தை சுகமில்லை, பின்னால் சொல்கிறேன். அலாஸ்காவில் நீயும் அந்த மீன்பிடிப் பையனும் உறைந்துபோகாமல் இருக்கிறீர்களா? அவன் காது மூடும் குல்லா போடுகிறானா? வியாழக்கிழமையே உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், காகிதமே புகைகிற மாதிரி. உன் சித்தி நெவா அதைப் படித்துவிட்டு, இதை அனுப்பினா அந்தப் பொண்ணு கல்யாணத்தை அங்கயே பனிக்கரடிய சாட்சி வச்சு முடிச்சுக்குவாய்யா என்று சொல்லி அடுப்பில் போட்டுவிட்டாள். ஆகையால் இது இரண்டாவது கடிதம், கொஞ்சம் ஆறின கடிதம்.

விஷயம் விர்ஜில் ஸ்லோன். நீ ஊரைவிட்டுப் போனபோது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டு, மாண்டலினைத் துடைப்பம் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தானே, அவனேதான். இப்போது அவனுக்குச் சாம்பல் நிறத் தொப்பி ஒன்று வந்திருக்கிறது. அதன் நிழலில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். வெள்ளிக்கிழமை தோறும் தீயணைப்பு நிலையத்தில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும்போது ஒஹாயோவிலிருந்து வருகிற பெண்கள் போனைத் தூக்கி அவனைத்தான் படம் பிடிக்கிறார்கள். நான் பின்னால் தூண் மாதிரி தெரிகிறேனாம். உன் சித்தி கோழிக் குழம்பில் மாவுருண்டை போட்டுக் கொண்டுவந்தால் அவனுக்கு இரண்டாம் கிண்ணம், எனக்கு, ரத்தக்கொதிப்பு இருக்கில்ல உனக்கு என்ற அறிவுரை. என் கையால் சோறு தின்று வளர்ந்த நாய் அவன் பூட்ஸ் மேல் தலைவைத்துத் தூங்குகிறது. இதையெல்லாம் பூமியைப் போலப் பொறுத்தேன். புதன்கிழமை தபால் ஆபீஸுக்குப் போனால் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற வர்டி, ஏன் ஹோபர்ட், உங்க ரோவீனா கல்யாணத்துக்கு விர்ஜில்தான் சேற்றோடை வாசிக்கிறானாமே, நீ என்ன நாற்காலி போடுற வேலையா என்று கேட்டாள். பின்னால் நின்ற ஆறு பேர் சிரித்தார்கள். தபால்தலைகூட சிரித்தது.

சேற்றோடை யாருடைய மெட்டு மகளே? உன் தாத்தா கட்டியது. அவருடைய கோவேறு கழுதை ஓடைக்கல்லில் வழுக்கின இடத்தில், இரண்டாம் பாதியில், தாளத்தில் ஒரு தட்டு கூடுதலாக வரும். அந்தத் தட்டு தெரியாமல் வருகிறவன் எல்லாம் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறான், பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லிலிருந்து வந்தவர்கள் உட்பட. அந்த மெட்டை உன் கல்யாணத்தில் வாசிக்கச் சொல்லி நீ ஒரு பேருந்து ஓட்டியிடம் கேட்டிருக்கிறாய். நேற்று தீயணைப்பு நிலையத்துக்கு நான் திட்டத்தோடு போனேன். நெவா வாசற்படியிலேயே, உன் முகத்தைப் பார்த்தா கோழி திருடப் போறவன் மாதிரி இருக்கு என்றாள். என் முறை வந்ததும் நானே சேற்றோடையைத் தொடங்கினேன், ரயிலுக்கு முன்னால் ஓடுகிறவன் வேகத்தில். ஒரு சுற்று வாசித்துவிட்டு விர்ஜிலைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் வாசிக்கும்போது நான் பின்னால் தந்தியை அமுக்கி சக் சக்கென்று வெட்ட வேண்டும். மத்தளம் இல்லாத எங்கள் கூட்டத்துக்கு அந்த வெட்டுதான் மத்தளம், அதை நிறுத்துவது ஏணியை உருவுவதற்குச் சமம் என்று உனக்குத் தெரியும். கழுதை வழுக்குகிற இடம் வந்தது. நான் உருவினேன்.

அவன் விழவில்லை. அந்த ஒற்றைத் தட்டுக்குக் கையைத் தூக்கி, மூச்சுவிடாமல் காத்திருந்து, பூனை வேலியில் இறங்குகிற மாதிரி சரியான இடத்தில் இறங்கினான். நான்தான் அவன் விழுவதை வேடிக்கை பார்க்கிற ஆசையில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். வெட்டினேன், அது தப்பான இடம். மறுபடி வெட்டினேன், அது அதைவிடத் தப்பு. என் அப்பன் ஓடையில், என் சொந்த ஊர் முன்னால், குப்புற விழுந்தேன். நாய் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

கூட்டம் கலைந்தபிறகு விர்ஜில் என் வண்டி வரைக்கும் வந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு, அண்ணே, ரோவீனா என்னைக் கேட்டது நெசந்தான், நான் முடியாதுன்னுதான் சொன்னேன், உன் சித்தப்பா இருக்கையில நான் எப்படி அதைத் தொடுறதுன்னு அதுகிட்ட கேட்டேன் என்றான். அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா, எனக்கு அப்பா இல்ல, கோயில் வாசல்லருந்து மாப்பிள்ளைகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போக சித்தப்பா கை வேணும், மாண்டலினும் நானும் சேர்ந்து ஒரு கையில தொங்க முடியாதுல்லன்னு சொல்லுச்சு, அதுக்கப்புறந்தான் சரின்னேன் என்றான். பிறகு, நீங்க வெட்டாம விட்டதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேண்ணே என்று வேறு சொன்னான். பார்த்தாயா அக்கிரமத்தை! வாசிப்பில் முந்தினான், குழம்பில் முந்தினான், கடைசியில் பெருந்தன்மையிலும் முந்திவிட்டான். எனக்கு வீடு வந்து சேரும்வரை கண் எரிந்தது. அது வண்டிப் புகை.

அதனால் ஜூன் மாதம் என் கை உனக்குத்தான், இரண்டுமே. இந்தக் கையை நீ முதலிலேயே கேட்டிருந்தால் வர்டியின் சிரிப்பிலிருந்து நான் தப்பித்திருப்பேன், போகட்டும். விர்ஜில் வாசிக்கட்டும், ஆனால் தொப்பி இல்லாமல். ஆசீர்வாதம் முடிந்த அடுத்த நொடி மாண்டலின் என் கைக்கு வர வேண்டும், அன்று பூராவும் அவன் எனக்கு வெட்டட்டும். உன் சித்தி ஆப்பிள் அடுக்கு கேக்குக்கு இப்போதே பழம் உலர்த்துகிறாள், அதில் மேல் துண்டு எனக்கு, அவனுக்கு அடித்துண்டு. நீ இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. எங்கள் இருவர் ஆசியும் உன் தலைமேல், கொஞ்சம் அந்தப் பையன் குல்லா மேலும். ஒன்று மட்டும் மறக்காதே. நாம் நடந்து வரும்போது மெட்டில் கழுதை வழுக்குகிற இடம் வரும். விர்ஜில் கையைத் தூக்கி நிற்பான். நீயும் காலைத் தூக்கினபடி நில், நான் உன்னோடு நிற்பேன். அந்த ஒரு தட்டு நம் இருவருக்கும். அதன்பிறகு உன்னை அந்த மீன்பிடிப் பையனிடம் விட்டுவிடுகிறேன், அவன்மேலும் எனக்கு இப்போதே வயிறு எரிகிறது.

உன் சித்தப்பன்,
ஹோபர்ட்