மிஷினுக்கு நல்ல தண்ணீர்

மே 6, 1974. திங்கள்

காற்று ஒரு பொட்டு இல்லை. மாடி அறையில் பாயெல்லாம் வியர்வை. எனக்கு அப்பா சீராகக் கொடுத்த ஏ.சி. மிஷின், கல்யாணமான மறுவாரமே மாமியார் அறைக்கு இறங்கிவிட்டது. மாடியில் அதற்கென்று வெட்டிய ஓட்டைக்குப் பலகை. அத்தைக்கு (இனி அ., முழுசாக எழுதினால் மை தண்டம்) மூட்டுவலியாம். மூட்டுவலிக்குக் குளிர் ஆகுமா என்று கேட்க இந்த வீட்டில் ஆளில்லை.

காலையில் மிஷின் குளிரவில்லை. உள்ளே ஐஸ் கட்டி, தரையெல்லாம் தண்ணீர்.

"ஏளா, உங்கய்யா பழைய சாமானுக்குப் பெயிண்ட் அடிச்சுல்லா ஏமாத்திட்டாரு."

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

வாங்க வேண்டியது: புளி, சோப்புத்தூள், நீல மை.

மே 7, செவ்வாய்

இட்லி வைத்தால் மிஷின் பேச்சு. காப்பி வைத்தாலும் அதே. மத்தியானம் அ. இவரிடம் சொல்லுகிறாள்: "வியாழக்கெழம உப்பு லாரி எட்டயபுரம் வழியாத்தான போவுது? மிஷினயும் ஏத்து, அவளயும் ஏத்து. புதுசு வாங்கிட்டு வரட்டும்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். உப்பளத்தில் அத்தனை ஆளை அதட்டுகிறவர். வீட்டில் வாயில் கொழுக்கட்டை.

எட்டயபுரத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மூன்று மாதம்தான். தெருவே வேடிக்கை பார்க்க நான் லாரியில் போய் இறங்கினால் தாங்கமாட்டார். பயமாக இருக்கிறது.

மே 8, புதன்

அ. கோயிலுக்குப் போனாள். பிளக்கைப் பிடுங்கி முன்மூடியைக் கழற்றினேன். தூசி வலையைக் காணோம். அடுக்களையில் வடகத்துக்கு மூடியாகக் கிடக்கிறது. காற்றை மறைக்கிறது என்று எடுத்தவள் அவள்தான்.

உள்ளே 'காயில்' என்கிற குளிர்ச்சுருள். செம்புக் குழாய், அதில் நெருக்கமாக அலுமினியத் தகடுகள். தகடே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. உரித்துப் பார்த்தேன்: சாம்பிராணிக் கரி, முகப்பவுடர், நரைமுடி. காற்றுப் போக வழியில்லை, பிறகு ஐஸ் கட்டாமல் என்ன செய்யும்.

மாட்டிய மெக்கானிக் அன்றே சொன்னார்: "கெணத்துத் தண்ணி ஆகாதுக்கா. உப்பு தகட்ட அரிச்சிரும். நல்ல தண்ணிலதான் கழுவணும்."

நல்ல தண்ணீர் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள். இருந்தது மூன்று குடம். இரண்டை எடுத்தேன். பல் பிரஷ், சோப்புத் தண்ணீர். மேலிருந்து கீழே மட்டும். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். தண்ணீர் வடிகிற அடித்தட்டு ஓட்டையில் அடைப்பு, ஈர்க்குச்சியால் குத்தினேன். வாளியில் மை மாதிரித் தண்ணீர்.

வாசலில் அ. "குடிக்கிற தண்ணிய எடுத்து மிஷினக் குளிப்பாட்டுதியா?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஆமா அத்தை. இது உங்க முடி. இது உங்க பவுடர். எங்கய்யா பெயிண்ட் அடிச்சது இதுதான்."

வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "லாரிக்குச் சொல்லியாச்சு."

மே 9, வியாழன்

ராத்திரி முழுக்கக் காய்ந்தது. தூசி வலையைக் கழுவி மாட்டினேன், வடகத்துக்கு வேறு மூடி. பத்து மணிக்குப் பிளக். அ., இவர், லாரி டிரைவர் மூவரும் நின்றார்கள். முதலில் வெறும் உறுமல். அப்புறம் முகத்தில் குளிர்.

டிரைவர் சட்டைப் பட்டனைக் கழற்றினார். "நல்லாத்தான இருக்கு. எத ஏத்தணும் அண்ணாச்சி?"

அ. கட்டிலில் சாய்ந்துகொண்டாள். "கழுவுனா சரியாயிரும்னு நான் அப்பமே சொன்னம்லா."

பிளக்கைப் பிடுங்கினேன்.

"மிஷின ஏத்துங்க அண்ணாச்சி. மாடிக்கு. எங்க ரூமுக்கு."

டிரைவர் ஒரு பக்கம் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மறுபக்கம் இவர்.