அதிகாரி குடித்த டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஆலைக் கழிவு கலந்துவிட்டதாகப் பேச்சு. பெரிய அதிகாரி டிவியில் அதைக் குடித்துக் காட்டியதும், "அப்பாடா, இப்பதான்டா எனக்கு மூச்சே வந்துச்சு" என்று போனில் சொன்னீர்களே, அந்த டம்ளரை நிரப்பியவன் நான்தான். எங்கள் அலுவலகத்தில்தான் அந்த நிருபர் கூட்டம் நடந்தது. குழாயைத் திறக்கப் போனேன். மேலாளர் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏம்பா, அவர் வயித்துக்கு என்ன ஆகுறது? பாட்டில் தண்ணிய ஊத்து."

ஊற்றினேன். நிருபர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் 'தண்ணீர் சுத்தம்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பீர்கள். இங்கே ஒரு டம்ளரே போதுமாக இருந்தது.

நீங்கள் பயப்படாதீர்கள். நான் காய்ச்சித்தான் குடிக்கிறேன். போன வாரம் இரண்டு நாள் படுத்திருந்தது வெறும் ஜலதோஷம். இதைச் சொல்வது டிவி இல்லை, உங்கள் மகன். நம்பலாம்.

வேலைக்குப் போகும் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். தண்ணீர் வடிகட்ட உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை போய்விடும். கட்டி அவிழ்த்தபடியே மடித்து அனுப்புங்கள்.

உங்கள் மகன்